தாய், இலாவ் மக்களிடையே விருந்தினர் ஒழுக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் போர்களையும் உடன்படிக்கைகளையும் அரச மரபுகளையும் ஆராய்வது வழக்கம். ஆயின், ஒருவர் மற்றொருவரைக் கண்டவிடத்து எங்ஙனம் கைகுவிக்கின்றார், எவ்விடத்திற் பாதரட்சையைக் கழற்றுகின்றார், யார் முன்னிலையில் எவ்வாறு அமர்கின்றார் என்பனவும் வரலாற்றுச் சான்றுகளேயாம். சீயம் எனப் பண்டு வழங்கிய தாய்லாந்துக்கும், அதன் அயல்நாடாகிய இலாவோசுக்கும் செல்லும் பயணிகளுக்கெனக் கைந்நூல்கள் சில விதிகளைத் தொகுத்துக் கூறுகின்றன. பிறர் தலையைத் தொடலாகாது; காலை எவர் பக்கமும் நீட்டலாகாது; துறவியைப் பெண்கள் தீண்டலாகாது; கோயிலுள் தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும் என்பன அவை.

இவ்விதிகள் யாவும் தொன்றுதொட்டு மாறாது வருவன எனப் படிப்போர் எண்ணுதல் இயல்பு. வரலாற்றை நோக்கின் உண்மை வேறாகத் தோன்றும். இவற்றுட் சில ஓர் அரசனின் ஆணையால் ஒரே நாளில் நீக்கப்பட்டன. சில அரசாங்கத்தின் விருப்பாற் புதியனவாய்ப் படைக்கப்பட்டன. வேறு சிலவற்றை அரசனும் அசைத்திலன், புரட்சியும் அசைத்திலது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாத பயணி, ஒன்றில் வேண்டாவிடத்து அடிபணிவான், அன்றேல் வேண்டுமிடத்துச் செருக்குறுவான். ஆதலின் அவ்வேறுபாட்டை ஆராய்தல் பயனுடைத்து.

சொல்லும் நிலமும்

தாய், இலாவ் ஆகிய இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மேகொங் ஆறு நெடுந்தூரம் இரு நாடுகட்கும் எல்லையாக ஓடினும், அதன் இருமருங்கும் வாழ்வோர் இனத்தால் உறவினரே. தாய்லாந்தின் வடகீழ்ப் பகுதியில் வாழும் இலாவ் மொழியினர் இலாவோசு நாட்டில் உள்ளோரினும் பன்மடங்கினர். அப்பகுதிக்கு வழங்கும் 'ஈசான்' என்னும் பெயர், வடகீழ்த் திசையைக் குறிக்கும் ஈசானம் என்னும் வடசொல்லே.

ஒழுக்கம் பற்றிய தாய்மொழிச் சொற்கள் தமிழ் மாணவர்க்கு வியப்பளிப்பன. நன்னடத்தையை அவர்கள் 'மாரயாத்' என்பர். இது தமிழில் 'மரியாதை' என வழங்கும் அதே வடசொல்லின் திரிபு. இடமும் பொழுதும் அறிந்து ஒழுகும் திறனை 'காலதேச' என்பர். இதுவும் காலம், தேசம் என்னும் இரண்டன் கூட்டமே. ஒரு செயல் தன்னளவில் நல்லதோ தீயதோ என்பதினும், அது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதோ என்று வினவுவதே அம்மக்களின் ஒழுக்கநெறிக்கு அடிப்படை என்பதை இச்சொல் உணர்த்துகின்றது.

தமிழர்க்கும் அந்நிலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. தென் தாய்லாந்தின் தக்குவாபா என்னும் இடத்திற் கிடைத்த கி. பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகின்றது. பாங்கொக் நகரத்து அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் நிகழ்த்தும் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்னும் விழா, திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவ்விழாவின் பகுதியாய் இருந்த பேரூஞ்சல் நிகழ்ச்சி 1935இல் நிறுத்தப்பட்டது. கோயிலினுள் நிகழும் சடங்கோ தொடர்ந்து வந்துள்ளது. வெளியே மக்கள் காணநின்ற ஆரவாரம் ஒழிந்து, உள்ளே வழிபாடு நிலைத்த இந்நிகழ்ச்சி, பின்னர்க் கூறப்படுவனவற்றுக்கெல்லாம் ஒரு முன்னோடி எனலாம்.

தலையும் தாளும்

தாய், இலாவ் மக்களின் நம்பிக்கையில் மனித உடலை விட்டு நீங்காது காக்கும் உயிராற்றல்கள் உள. அவற்றை 'குவன்' என்பர். அவை முப்பத்திரண்டு என்பது இலாவ் மக்களின் கணக்கு. அச்சம், நோய், நெடும்பயணம், துயரம் ஆகியவற்றாற் குவன் உடலை விட்டு அலைந்துபோகும் என்பதும், அதனை மீள அழைத்துக் கட்டிவைத்தல் வேண்டும் என்பதும் அவர்கள் கொள்கை. குவனுக்குத் தலையாய உறைவிடம் தலையே. ஆதலினாற் பிறர் தலையைத் தொடுதல், குழந்தையின் தலையை அன்பினாற் கோதுதலாயினும், அம்மக்களின் உள்ளத்தை உறுத்துகின்றது. 1687இல் பதினான்காம் லூயி மன்னனின் தூதனாகச் சீயம் சென்று, 1691இல் தன் நூலை வெளியிட்ட சிமோன் த லா லூபேர் என்பான், தலையைத் தீண்டுதல் சீயரிடையே பேரவமதிப்பாகக் கருதப்பட்டதை அன்றே எழுதிவைத்தான்.

தலையின் தூய்மையைக் காட்டும் மற்றொரு சான்று குடுமி களையும் சடங்கு. முற்காலத்திற் சிறுவர் சிறுமியர் உச்சிக்குடுமி வைத்திருந்து, இளமைப்பருவம் எய்துங்கால் விழாவெடுத்து அதனைக் களைந்தனர். அரச குமாரர்க்கு இது நிகழ்ந்தபோது கைலாயமலையின் வடிவம் ஒன்று அமைக்கப்பட்டது. சிவபெருமான் வேடந்தாங்கிய ஒருவர் அங்கு நின்று குமாரனை எதிர்கொண்டார். பௌத்த நாட்டின் அரச குடும்பத்தில் ஈசுவரன் பெற்றிருந்த இடத்தை இது புலப்படுத்துகின்றது.

தலை உயர்ந்ததாயின் தாள் தாழ்ந்தது. எனவே பாதத்தாற் பொருளைச் சுட்டுதலும், அமர்ந்திருப்போரைக் கடந்து காலைத் தூக்கி வைத்தலும், புத்தர் படிமத்தை நோக்கிக் காலை நீட்டுதலும் தவிர்க்கப்படுவன. தரையில் அமருங்காற் கால்களை ஒருபுறமாக மடக்கி, பாதம் பின்னோக்க இருப்பதே முறை. பெரியோர் அமர்ந்திருக்கும்போது அவர்களைக் கடந்து செல்வோர் உடலைத் தாழ்த்திச் செல்வர். கோயில் வாயிற்படியை மிதியாது கடத்தலும் இவற்றோடு ஒத்தது. இவற்றுள் எதுவும் ஈழத்து இந்து மாணவர்க்கு முற்றும் புதியதன்று. புத்தகத்திற் கால் பட்டாற் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டிற் பிறந்த ஒருவர், இவ்வுணர்ச்சியை விளக்கமின்றியே விளங்கிக்கொள்வார்.

இலாவ் மக்கள் விருந்தினர்க்குச் செய்யும் உயர்ந்த மரியாதை, 'பாசீ' அல்லது 'சூ குவன்' எனப்படும் சடங்கு. வாழையிலையாலும் மலராலும் கோபுரம்போற் புனைந்த தட்டின் நடுவே வைத்து, சோறு, முட்டை, பழம் முதலியன படைப்பர். மந்திரம் வல்ல முதியவர் ஒருவர் அலைந்த குவன்களை அழைப்பார். பின்னர்க் கூடியிருப்போர் ஒவ்வொருவராய் வந்து, வெண்பருத்தி நூலை விருந்தினரின் மணிக்கட்டிற் கட்டி வாழ்த்துவர். நூலைப் பெறுவோர் மற்றைக் கையை மார்பளவில் உயர்த்தி வணங்குதல் வேண்டும். குறைந்தது மூன்று நாளேனும் அதனைக் களையலாகாது. களையுங்காலும் கத்தரியால் வெட்டாது முடிச்சை அவிழ்த்தலே முறை. பயணி ஒருவர்க்கு இந்நூல் கட்டப்படும்போது, அவர் நெடுவழி வந்தமையால் அவர் உயிராற்றல் தளர்ந்திருக்கும் என்னும் பரிவே அச்சடங்கில் உறைகின்றது. அதனை அவசரமாக அறுத்தெறிபவர் நூலை மட்டுமோ அறுக்கின்றார்?

கைகுவித்தலின் படிகள்

கைகுவித்து வணங்குதலைத் தாய்மொழியில் 'வை' என்றும், இலாவ்மொழியில் 'நொப்' என்றும் கூறுவர். இந்தியப் பண்பாட்டின் அஞ்சலியே அங்குச் சென்று வேரூன்றியது. ஆயினும் அஃது அங்கே நுட்பமான படிகளைப் பெற்றுள்ளது. தாய்லாந்துப் பாடசாலைகளில் மூன்று படிகள் கற்பிக்கப்படுகின்றன. புத்தரையும் துறவியரையும் வணங்குங்காற் பெருவிரல் புருவங்களின் நடுவே அமையும். பெற்றோர், ஆசிரியர், முதியோர் ஆகியோர்க்குப் பெருவிரல் மூக்கின் நுனியைத் தொடும். ஏனையோர்க்கு மோவாயளவில் நிற்கும். இளையவரே முதலில் வணங்குவர். மூத்தவர் அதனை ஏற்று மறுவணக்கம் செய்வர். துறவியோ இல்லறத்தார்க்கு மறுவணக்கம் செய்வதில்லை. அரசனும் துறவியை வணங்குவான்.

ஆதலின் எதிர்ப்படுவோர் யாவர்க்கும் ஒரே தன்மையாய்க் கைகுவிக்கும் பயணி, பணிவைக் காட்டுவதாக எண்ணித் தன் அறியாமையையே காட்டுகின்றான். கடையிற் பணிபுரியும் சிறுவனுக்கு வலிந்து முதலில் வணங்கினால், அச்சிறுவன் நாணமே அடைவான். புன்முறுவலும் தலையசைப்பும் அவ்விடத்துப் போதும்.

தரையிற் படிந்து வணங்குதலும் உண்டு. முழங்கால் இரண்டும், கை இரண்டும், நெற்றியும் நிலத்திற் படிய மும்முறை வணங்குதலைப் பஞ்சாங்கம் என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயரால் தாய் மக்கள் வழங்குவர். சைவமரபிற் பெண்டிர்க்கு விதித்த பஞ்சாங்க நமஸ்காரத்தோடு இது பெயராலும் உறுப்புக்களாலும் ஒத்திருத்தல் காண்க.

ஆசிரிய வணக்கம் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் பள்ளியாண்டின் தொடக்கத்தில், குருவுக்குரிய வியாழக்கிழமை ஒன்றில், மாணவர் தம் ஆசிரியர்க்கு 'வை குரு' என்னும் வணக்கம் செலுத்துவர். அன்று படைக்கும் மலர்த்தட்டில் அறுகம்புல், கத்தரிப்பூ, வெட்சி இனத்துப் பூ ஆகியன இடம்பெறும். எங்கும் விரைந்து படரும் அறுகு கல்வி பெருகுதலையும், காம்பு வளைந்து தலைகுனியும் கத்தரிப்பூ பணிவையும், ஊசிபோற் கூர்மையான மொட்டினையுடைய வெட்சி அறிவுக்கூர்மையையும் குறிக்கும் என்பர். விலையுயர்ந்த மலர் எதுவும் இதில் இல்லாமை கருதத்தக்கது.

அரசவையில் எழுந்த வழக்கு

வீட்டிலும் பள்ளியிலும் இவ்வாறு இயல்பாய் நின்ற வணக்கம், அரசவையில் அந்நியரோடு மோதியபோது பெரும் வழக்காயிற்று. 1685ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆந் தேதி, அயுத்தியா நகரில் நாராய் மன்னரின் அவைக்குப் பிரான்சிய மன்னனின் தூதன் செவாலியே த சோமோன் வந்தான். சீயத்து வழக்கப்படி அவைக்கு வருவோர் யாவரும் தவழ்ந்து சென்று நிலத்திற் படிந்து கிடத்தல் வேண்டும். தூதனோ பாதரட்சையோடும் வாளோடும் நுழைந்து, அமர்ந்தவாறே, தொப்பியணிந்து உரை நிகழ்த்தும் உரிமையை முன்னரே வாதாடிப் பெற்றிருந்தான்.

மன்னர் உயர்ந்ததொரு சாளரத்தில் வீற்றிருந்தார். லூயி மன்னனின் கடிதத்தை நீண்ட பிடியுடைய தட்டில் வைத்து மேலே உயர்த்திக் கொடுத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. கையை உயர்த்துதல் தன் மன்னனின் பெருமைக்கு இழுக்கென எண்ணிய சோமோன், தட்டை உயர்த்தாது நின்றான். மன்னரின் அமைச்சனாய் விளங்கிய கிரேக்கன் கொன்சுதந்தீன் பௌல்கன், நிலத்திற் கிடந்தவாறே கையை உயர்த்தும்படி குறிப்புக் காட்டியும் பயனில்லை. ஈற்றில் மன்னரே நகைத்துச் சாளரத்துக்கு வெளியே குனிந்து கடிதத்தைப் பெற்றார். இக்காட்சியைச் சித்திரித்த செப்புத்தகட்டுப் படம் ஐரோப்பாவிற் பெரிதும் பரவியது.

இதில் இருதரப்பாரும் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொண்டமை கவனித்தற்குரியது. ஐரோப்பாவில் தூதன் தன் மன்னனின் சாயலாகக் கருதப்பட்டான். கீழைநாடுகளிலோ தூதன் மடல் சுமப்போன் மட்டுமே என்றும், மரியாதை மடலுக்கே உரியது என்றும் லா லூபேர் விளக்கினான். லூயியின் கடிதம் அரச ஓடத்தில் ஏற்றப்பட்டு, மன்னனே வந்தாற்போன்ற சிறப்போடு கொண்டுசெல்லப்பட்டதன் காரணம் இதுவே.

அடுத்த ஆண்டு, 1686 செப்டெம்பர் 1ஆந் தேதி, சீயத் தூதர் கோசா பான் வெர்சேய் மாளிகையின் கண்ணாடி மண்டபத்தில் லூயியைக் கண்டார். பிரான்சிலே பிறந்த எவரும் செய்யாத பணிவோடு சீயர் நிலத்திற் படிந்து வணங்கினர். முதுகு காட்டாது பின்னோக்கியே மீண்டனர். தம் நாட்டு மன்னர்க்குச் செய்யும் மரியாதையை அயல்நாட்டு மன்னனுக்கும் குறையாது செய்தனர் என்பதே இதன் பொருள். சோமோன் தன் வழக்கத்தைப் பிறர் மனையிலும் கொண்டுசென்றான். கோசா பானும் தம் வழக்கத்தையே கொண்டுசென்றார். எனினும் ஒருவன் செயல் விருந்தளித்தோரைத் தாழ்த்தியது. மற்றவர் செயல் அவரை உயர்த்தியது.

வணக்க முறை பற்றிய இவ்வழக்கு அத்துடன் முடிந்திலது. 1822இல் ஆங்கிலத் தூதனாய் வந்த யோன் குரோபேட்டு என்பான் பாங்கொக் அவையிற் பாதரட்சையைக் கழற்ற நேர்ந்தது. 1855இல் சேர் யோன் பௌரிங் வந்தபோது, வாளணிந்து அவைபுகும் உரிமை பற்றி வாதம் எழ, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சோமோன் பெற்ற சலுகையே முன்னுதாரணமாய் எடுத்துக்காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 18இல் ஒப்பமான உடன்படிக்கை, சீயத்தின் வணிகத்தை அந்நியர்க்குத் திறந்ததோடு, ஆங்கிலக் குடிகளைச் சீயநீதியின் ஆட்சியினின்றும் விலக்கியது. வணக்கம் பற்றிய சச்சரவின் பின்னே நின்றது அதிகாரம் பற்றிய வினாவே என்பது இதனாற் பெறப்படும்.

1873ஆம் ஆண்டின் ஆணை

மொங்குட் மன்னர் 1851இல் முடிசூடியதும், அவைக்கு வருவோர் மேலாடை அணிந்தே வருதல் வேண்டுமெனப் பணித்தார். அவர் மைந்தர் சுலாலங்கோர்ன் பதினைந்தாம் வயதில், 1868இல் அரசெய்தி, 1871இலும் 1872இலும் சிங்கப்பூர், யாவா, பர்மா, இந்தியா ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். வயது நிரம்பி, 1873ஆம் ஆண்டு நவெம்பர் 16ஆந் தேதி இரண்டாம் முறை முடிசூடிய அன்றே, தம் அவையில் தவழ்தலையும் நிலத்திற் படிந்து கிடத்தலையும் ஒழித்து ஆணையிட்டார். இனி நின்று தலைவணங்குதலே போதும் என்றார். உயர்ந்தோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் இடையே உள்ள ஒடுக்குமுறையின் அடையாளம் அவ்வழக்கம் என்பதும், அதனால் நாட்டுக்கு யாதொரு நன்மையும் இல்லை என்பதும் அவர் காட்டிய காரணங்கள். ஆணை வாசிக்கப்பட்டதும் நிலத்திற் கிடந்த பெருமக்கள் அனைவரும் எழுந்து நின்றனர்.

இவ்வாணைக்கு இருமுகம் உண்டு. ஒன்று, குடிகளின் துன்பத்தை நீக்கும் எண்ணம். மற்றொன்று, பர்மாவையும் இந்தோசீனத்தையும் ஐரோப்பியர் கைப்பற்றிவந்த அக்காலத்தில், சீயமும் நாகரிக நாடே எனக் காட்டும் தேவை. எவ்வாறாயினும், பன்னூறாண்டு நிலைத்த வழக்கம் ஒரு சொல்லால் அவையிலிருந்து நீங்கியது. ஆயின் கோயிலிற் புத்தரை வணங்கும் பஞ்சாங்க வணக்கத்தையும், பெற்றோரையும் துறவியையும் வணங்கும் வழக்கத்தையும் அவ்வாணை தீண்டவில்லை.

ஆணையாற் பிறந்த மரியாதை

பழையதை ஒழிப்பதேபோலப் புதியதைப் படைப்பதும் அரசுக்கு இயலும். 1938இல் ஆட்சிக்கு வந்த பிபுன் சொங்கிராம், 1939 முதல் 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகளை வெளியிட்டார். நாட்டின் பெயர் தாய்லாந்து என்றாயது அவற்றின் முதலாவதால். கொடிக்கும் நாட்டுப்பண்ணுக்கும் எழுந்து நின்று மரியாதை செய்தல் கடமையாக்கப்பட்டது. வெற்றிலை மெல்லுதல் தடுக்கப்பட்டது. தொப்பியும் பாதரட்சையும் அணிதல் வற்புறுத்தப்பட்டது. பயணிகள் இன்று தொன்மையான வாழ்த்தெனக் கருதும் 'சவாசுதி' என்னும் சொல்லும் இக்காலத்ததே. வடமொழிச் 'சுவஸ்தி'யினின்று பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் 1930களில் அமைத்த இச்சொல், 1943 சனவரி 22இல் அரசாங்க வாழ்த்துரையாக அறிவிக்கப்பட்டது. தொப்பியணியும் ஆணை பிபுனின் ஆட்சியோடு மறைந்தது. சவாசுதி மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

நிலத்திற் படிந்து அரசரை வணங்கும் வழக்கமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பூமிபோல் மன்னரின் காலத்தில், மீண்டும் தலையெடுத்தது. 1959 முதல் 1963 வரை பிரதமராய் இருந்த சரித் தனரத், முடியாட்சியின் பெருமையை வளர்த்தமை இதற்குத் துணையாயிற்று. 2017இல், சுலாலங்கோர்ன் மன்னரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில், அவர் சிலைமுன் புதுமாணவர் படிந்து வணங்கும் சடங்கிலிருந்து மாணவர் சிலர் வெளியேறினர். படிதலை ஒழித்தவரின் சிலைமுன்னரே படிதல் முறையோ என்பது அவர்கள் எழுப்பிய வினா. ஒரு மரியாதை முறை பற்றித் தாய் மக்களே தம்முள் வாதிடுகின்றனர் என்பதைப் பயணி அறிதல் நன்று. அவ்வாதத்தில் தீர்ப்புக் கூறுதல் விருந்தினர் வேலையன்று. எனினும் அரச குடும்பத்தை இழித்துரைத்தல் தாய்லாந்துக் குற்றவியற் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரியது என்பதை மறத்தலாகாது.

இலாவோசின் வேறுபட்ட வழி

இலாவோசின் வரலாறு இதனின் வேறு. 1641இல் ஒல்லாந்த வணிகன் கெரித் வான் வூய்ஸ்தொவ், மேகொங் வழியே வியந்தியான் நகரை அடைந்தான். சூலிஞ்ஞ வொங்சா மன்னர் அவனைத் தாத் லுவாங் என்னும் பெருந்தூபியின் அருகே வரவேற்றார். அந்நகரின் பௌத்த மடங்களின் பெருக்கம் அக்கால ஐரோப்பியரை வியக்கவைத்தது. 1861இல் பிரான்சிய இயற்கையாய்வாளர் ஆன்றி மூகோ, லுவாங் பிரபாங் அருகே காய்ச்சலால் மாண்டார். 1867இல் அவ்வழி வந்த மேகொங் ஆய்வுக்குழுவினர் அவருக்குக் கல்லறை எழுப்பியபோது, அதற்கு வேண்டிய பொருள்களை அந்நகரத்து மன்னரே அளித்தார். உயிரோடு வந்த விருந்தினர்க்கு மட்டுமன்றி, மாண்ட விருந்தினர்க்கும் கடன் ஆற்றிய பண்பு அது.

பின்வந்த ஒகுஸ்த் பாவி, சோமோனுக்கு நேர்மாறானவர். வெறுங்காலோடு நடந்தும், மக்கள் உணவை உண்டும், அவர்கள் கதைகளைக் கேட்டு எழுதியும் இலாவ் மக்களின் அன்பைப் பெற்றார். 1887இல் கொள்ளையர் லுவாங் பிரபாங்கைத் தாக்கியபோது முதிய மன்னர் ஊன் காமின் உயிரைக் காத்தவரும் அவரே. ஆனால் அவ்வன்பின் பயனாய் விளைந்தது யாது? 1893இல் இலாவோசு பிரான்சின் ஆட்சிக்குட்பட்டது. பாதரட்சையைக் கழற்றியவர் நாட்டையே பெற்றுத் தந்தார். புறவொழுக்கம் எத்துணை இனிதாயினும், அதன் உட்கிடையையும் வரலாறு வினவும் என்பதற்கு இஃதொரு சான்று.

1975 திசெம்பர் 2இல் முடியாட்சி ஒழிந்து மக்கள் குடியரசு நிறுவப்பட்டது. 'நொப்' என்னும் வணக்கம் நிலமானியக் காலத்தின் எச்சம் என ஊக்கமிழந்தது. கைகுலுக்கலும் 'தோழர்' என்னும் விளியும் அதனிடம் புகுந்தன. பேசுவோர் தம்மைச் சிற்றடிமை எனக் குறிக்கும் பழைய பணிவுச் சொல்லும் விலக்கப்பட்டது. துறவியர்க்கு உணவிடுதலையும் 1976இல் அரசு கட்டுப்படுத்த முயன்றது. மக்களின் மனத்தாங்கல் கண்டு அதனை விரைவில் தளர்த்தியது. அடுத்துவந்த பத்தாண்டுகளிற் கைகுவித்தலும் பணிவுச்சொல்லும் மெல்ல மீண்டன. அரசனை அகற்ற இயன்ற புரட்சியால், விடியற்காலையிற் சோற்றுக்கூடையோடு வீதியோரம் மண்டியிடும் முதியவளை அகற்ற இயலவில்லை.

துறவியின் பாத்திரம்

ஐயமேற்கும் அக்காட்சியை இலாவ் மக்கள் 'தாக் பாத்' என்பர். 'பாத்' என்பது பாத்திரமே. லுவாங் பிரபாங் நகரில் விடியுமுன் துறவியர் வெறுங்காலோடு வரிசையாய் வருவர். இல்லறத்தார் மண்டியிட்டு, பசையரிசிச் சோற்றைச் சிறிது சிறிதாக ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுவர். எவரும் பேசார். பெண்டிர் தோளிற் குறுக்கே மேலாடை அணிவர்.

1995இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமை இடமாக அறிவித்தபின், பயணிகள் பெருந்தொகையாய் வந்து கூடினர். துறவியரின் முகத்தெதிரே ஒளிவீசும் படக்கருவிகளை நீட்டுதலும், வரிசையை இடைமறித்தலும், வீதியில் விற்கும் சோற்றை வாங்கி வேடிக்கைக்காக இடுதலும் மலிந்தன. அதனால், சற்றுத் தொலைவில் நின்று அமைதியாகக் காணுமாறும், மெய்யாகவே அறம் எனக் கருதுவோர் மட்டும் உணவிடுமாறும் வேண்டும் அறிவிப்புக்கள் வைக்கப்பட்டன. ஐயமிடுதலிற் கொடுப்பவரே புண்ணியம் பெறுகின்றார். துறவி நன்றி கூறுவதில்லை. இவ்வுண்மையை அறியாதார்க்கு அது காட்சிப்பொருளாகவே தோன்றும்.

பெண்கள் துறவியைத் தீண்டலாகாது என்னும் விதி பெண்ணை இழிவுபடுத்துவதெனப் பயணியர் சிலர் எண்ணுவர். துறவி தன் நோன்பைக் காத்தற்கு ஏற்ற விதி அஃது. அவர் நோன்பு கெடாது துணைபுரிவதே விதியின் நோக்கம். தாய்லாந்தில் ஒரு பெண் பொருள் கொடுக்குங்கால், துறவி தம் முன்னே ஒரு துணியை விரிப்பார். பெண் அதன்மேற் பொருளை வைப்பாள்.

வடபால் மலைகளில் வாழும் அகா முதலிய இனத்தார்க்கு வேறு வழக்கங்கள் உண்டு. ஊரின் எல்லையில் அவர்கள் நிறுத்தும் வாயில் மனிதர் உலகையும் ஆவிகள் உலகையும் பிரிப்பது. அதனைத் தொடுதல் பெருங்குற்றம். மூங்கிலாற் பின்னிய விண்மீன் வடிவான 'தாலேயோ' என்னும் குறி ஊர் வாயிலிலோ வீட்டிலோ தொங்குமாயின், உள்ளே சடங்கோ நோயோ உண்டு, அந்நியர் நுழையலாகாது என்பது பொருள். அங்கே திரும்பிச் செல்லுதலே மரியாதை.

கண்டியில் ஒரு மன்னர்

இவ்வாராய்ச்சிக்கு ஈழநாட்டு வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1753இல் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், சீயத்துத் தேரர் உபாலி கண்டிக்கு வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீள நிறுவினார். சியாம் நிக்காயம் அதிற் பிறந்தது. அக்காரணத்தாற் சீய மன்னர்க்குக் கண்டியில் தனிமதிப்பு இருந்தது. 1897 ஏப்பிரலில், ஐரோப்பா செல்லும் வழியிற் கண்டி தலதா மாளிகைக்கு வந்த சுலாலங்கோர்ன் மன்னர், தந்ததாதுவைக் கையில் ஏந்த விரும்பினார். அது மரபன்று எனக் காவலர் மறுத்தனர். மன்னர் மனக்கசப்போடு மீண்டார்.

தம் அவையின் வழக்கத்தை ஒரு சொல்லால் மாற்றவல்ல மன்னருக்கு, பிறர் கோயிலின் வழக்கத்தை மாற்ற இயலவில்லை. பௌத்தர், அரசர், நன்றிக்குரிய நாட்டினர் என்னும் தகுதிகள் மூன்றும் ஒருங்கே பெற்றவர்க்கும் அங்கு விலக்கில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இருவகை மரியாதைகள் புலனாகின்றன. அதிகாரத்தைக் காட்டப் பிறந்த மரியாதை அதிகாரத்தோடு மாறுகின்றது. 1685இல் அது வாதத்துக்குரியதாயிற்று; 1873இல் ஆணையால் நீங்கியது; பின்னர் மீண்டது; இன்னும் வாதத்துக்குரியதாகவே உள்ளது. மற்றொருவகை, தலையிலும் தாளிலும், மணிக்கட்டு நூலிலும், துறவியின் பாத்திரத்திலும், ஆசிரியர்முன் வைத்த அறுகம்புல்லிலும் உறைவது. அதனை நிறுத்துவோர் அரசருமல்லர், அமைச்சருமல்லர், வீட்டினரும் ஊரினருமே. அதனாலேயே அது நீடிக்கின்றது.

பயணி கைக்கொள்ளத்தக்க அளவுகோலும் இதிலிருந்தே கிடைக்கின்றது. அரச மரியாதை பற்றிய வழக்கில் விருந்தினர் சட்டத்துக்கு அமைந்து, அடக்கத்தோடு விலகி நிற்பர். வீட்டின் வழக்கத்திலோ, விருந்தளிப்போர் சொல்லுமுன்னரே கண்டு பின்பற்றுவர். பிறர் அமருமாறு அமர்தல், பிறர் பேசாவிடத்துப் பேசாதிருத்தல், மூடிய வாயிலினின்றும் திரும்புதல் ஆகிய இவற்றுக்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. காலமும் தேசமும் அறியும் கண் இருப்பின் அமையும்.